கபாடிக்காரர் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை

என் அருமை தங்கவேல் அத்தானுக்கு,

சௌக்கியமா அத்தான்? அந்த மூச்சிரைப்பு விட்டதா? அங்கே மாடிப்படி ஏறுகிற வேலை இருக்காது என்று நினைக்கிறேன். காலையில் டீ யார் போட்டுக் கொடுக்கிறார்கள்? இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகள் கனிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை மாட்டுங்காவில் வைத்து முடித்தோம். உங்கள் மருமகன் வளையல்காரரிடம் மராத்தியில் பேரம் பேசப்போக, அவர் திருநெல்வேலித் தமிழில் திருப்பிக் கொடுத்தார் பாருங்கள்... அது இன்னொரு நாளைக்கு. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இப்போதுதான் நெஞ்சு லேசாகியிருக்கிறது.

பிரசவத்துக்குக் கனி திலக் நகர் வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு ஓர் அறை வேண்டும். இருப்பது உங்கள் ரேடியோ அறை ஒன்றுதான். நீங்கள் போன நாளிலிருந்து அக்கா அதைப் பூட்டியே வைத்திருந்தாள். நான் தாராவியில் தோல் பைக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏலே இசக்கி, ஞாயித்துக்கிழமை வந்து அந்த ரேடியோப் பெட்டியக் கழத்திக் குடு. மத்தியானம் பழைய சாமான் எடுக்குற கபாடிக்காரன் வருதான்."

"அக்கா, அத்தான் உசுரா வச்சிருந்த சாமான்லா அது."

"உசுரா வச்சிருந்தவுகளே போயிட்டாக. பெட்டிய வச்சுக்கிட்டு நான் என்ன, பொங்கவா போறேன்?"

அவளுக்குப் பெட்டி மேலே கோபம் இல்லை அத்தான். உங்கள் சிநேகிதர்கள் மேலேதான். நீங்கள் போன அன்று உங்கள் போனில் தேடி, கோயம்புத்தூர் ரங்கசாமி அண்ணனுக்கு நான்தான் சேதி அனுப்பினேன். உங்கள் ரேடியோ ஆட்களில் அந்த ஒரு நம்பர்தான் இருந்தது. மற்றவர்களை எல்லாம் நீங்கள் பெட்டியில் மட்டுமே அறிந்தவர். உடனே பதில் வந்தது. "செய்தி சேர்ந்தது. ஆக வேண்டியதைப் பார்க்கிறோம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை. ஓர் ஆள் வரவில்லை.

"ஊரு உலகமெல்லாம் சேக்காளின்னு சொன்னாகளே, தூக்கையில தோள் குடுக்க ஒருத்தனும் வரலியேலே" என்று அக்கா அன்று கேட்டாள். வருஷ திதி அன்றும் கேட்டாள். இடையில் சாம்பாருக்குத் தாளிக்கும்போதுகூடக் கேட்பாள். எனக்கும் உள்ளே அதே வருத்தம்தான். காலையும் மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் பேசினீர்களே, அதெல்லாம் வெறும் டிட் டா டிட்தானா அத்தான்?

அந்த ஞாயிறு எந்த ஞாயிறு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைச்சாவி நாள். இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மோர்ஸ் தட்டுகிறவர்கள் எல்லோரும் அன்று மெஷினை ஒதுக்கிவிட்டு, கையால் தட்டுகிற பழைய சாவியோடு உட்காருவார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. ஆளுக்கு ஆள் நிதானமாகப் பேசிக்கொள்வதுதான் விசேஷம்.

சரி, கழற்றுவதற்கு முன்னால் உங்கள் சாவியை ஒரே ஒரு தடவை பேசவைத்துவிடுவோம் என்று நினைத்தேன். காலையிலேயே வந்து டெரஸுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து நீங்கள் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. அதில் மூன்றாம் மாடி குஜராத்தி அம்மா ஹன்சா பென் பாவாடைகளை வரிசையாகக் காயப்போட்டிருந்தார். எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? "தீதி, கரண்ட் வரும்" என்று சொல்லி வைத்தேன். ஓடிவந்து அள்ளிக்கொண்டு போனார். வருஷக்கணக்கில் காயப்போட்டாராம், ஒரு நாளும் கரண்ட் வந்ததில்லையாம். அது கிடக்கட்டும், எங்கே விட்டேன்?

பிளக்கைச் செருகினேன். உங்கள் நாற்காலியில் உட்கார எனக்கு மனசு வரவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பை தைக்கிறவனுக்கு எதுக்கு அத்தான் ரேடியோ லைசென்ஸ் என்று, நீங்கள் மோர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது நான் கேட்டதற்கு, "உனக்கு வாய் ஓயாது மாப்ளே. கையால பேசிப் பழகு, எங்களுக்குக் காதாவது மிஞ்சும்" என்று சொன்னீர்கள் அல்லவா? அந்தக் கையால்தான் என் கால்சைனை, லைசென்ஸோடு கொடுத்த அந்த ரேடியோப் பெயரைத் தட்டிக் கூப்பிட்டேன்.

பதில் சொன்னவர் யார் தெரியுமா? ரங்கசாமி அண்ணனேதான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுகிற அதே பழக்கம். முதலில் என் பெயர், ஊர் எல்லாம் கேட்டார். அப்புறம் அந்த நாளின் வழக்கப்படி, தட்டுகிற சாவி யாருடையது என்று கேட்டார்.

"திலக் நகர் தங்கவேலுடையது. நான் அவர் மச்சினன்" என்று அனுப்பினேன்.

பிறகு அவர் தட்டினார்.

"வீட்டம்மா அன்றைக்குக் கேட்டார்களா?"

"எதை அண்ணே?"

"அவர் போன அன்று சாயங்காலம் நாங்கள் கூப்பிட்டதை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை அத்தான். புரியவில்லை என்றே தட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். என் சேதி கிடைத்ததும் அவர் பெட்டியில் எல்லோருக்கும் தெரிவித்திருக்கிறார். நீங்கள் வழக்கமாக உட்காரும் அதே அலைவரிசையில், நீங்கள் வழக்கமாக வரும் அதே வேளையில் அத்தனை பேரும் கூடியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், ஹூப்ளிக்காரர், கப்பல் வேலையில் இருப்பவர், எல்லோரும். ஒவ்வொருவராக உங்கள் கால்சைனைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்ட பிறகு, நீங்கள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பீர்களோ அவ்வளவு நேரம் யாரும் சாவியைத் தொடவில்லை. பிறகு அடுத்தவர். இருட்டும்வரை.

"தங்கவேல் வீட்டுப் பெட்டி என்றைக்கு அணைந்திருக்கிறது? அம்மா பக்கத்தில் இருந்து கேட்டிருப்பார்கள் என்று நினைத்தோம்" என்றார்.

அந்த நேரத்தில் நாங்கள் செம்பூர் சுடுகாட்டிலிருந்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். பிளக்கை அக்கா காலையிலேயே பிடுங்கிப் போட்டிருந்தாள். துஷ்டி வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்கள் கூட்டத்தைத் தவிர யார் அத்தான் நினைப்பார்கள்?

இதற்குள் கபாடிக்காரர் சாக்கோடு வாசலில் வந்து நின்றார். அக்கா அறைக்குள் வந்தாள்.

"இன்னுமா கழத்தல? ஆளு காத்துக்கிட்டு நிக்கான் பாரு."

நான் கேட்டதை அப்படியே சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"கதை விடாதலே. பெட்டியக் குடுக்கக் கூடாதுன்னு நீயா கட்டுதே."

"சத்தியமாக்கா!"

"உன் சத்தியம் தெரியாதாக்கும். ஊர்ல மாடு தொலைஞ்ச கதைய ஒம்பது விதமாச் சொன்னவன்லா நீ."

என் வாய்க்குக் கிடைத்த பெயர் அப்படி. நான் அவளோடு வாதாடவில்லை. ரங்கசாமி அண்ணனுக்குத் தட்டினேன். அக்கா அன்று கேட்கவில்லை, இப்போது பக்கத்தில் நிற்கிறாள், அன்றைக்குக் கூப்பிட்டது மாதிரி இன்னொரு தடவை கூப்பிடுவீர்களா? ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைத் திருகினேன். அவர்கள் வராமல் போனால்? வந்தாலும் அவளுக்கு அது வெறும் சத்தமாகப் போனால்? சாக்கு வாசலிலேயே விரிந்து கிடந்தது.

முதலில் ரங்கசாமி அண்ணன். உங்கள் கால்சைனை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. பிறகு அமைதி. அடுத்து ஹூப்ளிக்காரர். பிறகு அமைதி. அடுத்து எங்கிருந்தோ மிக மெல்லியதாக ஒருவர்.

கபாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "க்யா காகி, மெஷின் கராப் ஹை க்யா?" பெட்டி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சுப்! சாப் கா நாம் போல்தா ஹை" என்றாள்.

ஐயா பெயரைச் சொல்கிறார்கள், பேசாமல் இரு என்று அதட்டுகிறாள்! நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை அத்தான். அவளுக்கு மோர்ஸில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டே உங்கள் கால்சைனைக் கேட்டவள். அது அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கபாடிக்காரர் தொப்பியைக் கழற்றினார். எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொருவரும் கூப்பிட்டு முடித்ததும் வருகிற அந்த அமைதியில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதாள். இவ்வளவு நாள் அழுத அழுகை மாதிரி இல்லை அது.

"எல்லாரும் வந்திருந்திருக்காகலே" என்றாள். "நாமதான் கதவத் தொறக்கல."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கோயம்புத்தூர்க்காரர் சாப்ட்டாரான்னு கேளு. பாவம், அவுகளும் வயசாளிதான?" என்றாள். கேட்டேன். உப்புமா சாப்பிட்டாராம். "உப்புமாவா? வீட்டுல ஆளு இல்லியா? கேளுலே!" என்றாள். நான் தட்டத் தட்ட அவள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள். கபாடிக்காரருக்கு டீயும் ஓடாத மேஜை ஃபேனும் கிடைத்தன. அவர் சந்தோஷமாகத்தான் போனார்.

பெட்டி இப்போது ஹாலில், ஜன்னலோரம் இருக்கிறது. டிவியை அக்காவே தள்ளி வைத்தாள். உங்கள் அறைக்கு வெள்ளையடித்துத் தொட்டில் கொக்கி மாட்டியிருக்கிறேன். காலையில் பிளக்கைச் செருகுவது அக்காதான். நான் லீவு நாளில் வந்து உட்காருகிறேன். இதோ, இப்போதும் அடுக்களை வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அத்தான். நம் கூட்டத்தில் இனி யார் போனாலும், பெட்டியில் கூப்பிடுவதோடு நிற்காமல், அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, பெட்டியைப் போடுங்கள், உங்கள் ஆளைத் தேடி எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று சொல்வது என் பொறுப்பு. ரங்கசாமி அண்ணனும் சரி என்றுவிட்டார். அதோடு கனிக்குக் குழந்தை பிறந்ததும் முதல் சேதியை உங்கள் சாவியில்தான் தட்டப் போகிறேன், அதற்கு அக்கா என்ன சொன்னாள் தெரியுமா, முதலில் ஆஸ்பத்திரியில் இருந்து...

"ஏலே இசக்கி! எழுதினது போதும், எந்திரி. பெட்டியில உன் பேரச் சொல்லிக் கூப்பிடுதாக, காதுல விழல?"

உங்கள் மச்சினன்,
இசக்கிமுத்து