பஞ்சர் என்று எழுதியவள்

அண்ணாச்சி,

மழை பிடித்துவிட்டது. அலுவலகக் கதவைத் திறந்ததும் நனைந்த கரிசலின் வாசம் உள்ளே வந்துவிட்டது. திரையில் எட்டுப் புள்ளிகள் ஊர்கின்றன: இரண்டு லாரி, ஒரு சரக்கு ரயில், மிச்சமெல்லாம் கப்பல். எல்லாவற்றிலும் நம் கோவில்பட்டித் தீப்பெட்டி. லாரிக்காரர் ஓர் எண் தருவார், கப்பல்காரர் வேறு எண், ரயில் வேறு. அவற்றைக் கோத்து, வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு ஒரே கோடாகக் காட்டுவதுதான் இன்னமும் என் வேலை.

லாரி ஓட்டிப் போய்த் துறைமுகத்தில் கண்டெய்னரை இறக்கிவிட்டு வந்த மறுநாள் மதியம், நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்காருவீர்கள்.

"ஏ தங்கச்சி, நம்ம பொட்டி இப்ப எங்கன மெதக்குது?"

"கொழும்பத் தாண்டிட்டு அண்ணாச்சி."

"நான் தூத்துக்குடி ஹார்பர் கேட்டத் தாண்டுனதில்ல. அது பாரு, சீமைக்குப் போகுது. மீனு தெரியுமா அதுல?"

"மீன் தெரியாது. நீங்க டீக்கடையில நின்னா தெரியும்."

சிரிப்பீர்கள். அலையில்லாத அந்த நீலத்தில் புள்ளி நகர்கிறதா இல்லையா என்றே தெரியாது. டீ ஆறிப்போகும். கண் திறந்தபடி உறங்குகிறவர்களைப் போல இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

லாரி கால் மணி நேரம் நின்றால் புள்ளி சிவக்கும். காரணம் குறிக்க வேண்டும். பட்டியலில் பஞ்சர் உண்டு, நெரிசல் உண்டு, மழை, போலீஸ் சோதனை எல்லாம் உண்டு. ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கியது என்று கிடையாது. டயர் தேயும் என்று தெரிந்தவர்களுக்கு மனிதன் தேய்வான் என்று தெரியவில்லை. அதனால் நமக்குள் ஓர் ஏற்பாடு. நீங்கள் எங்கே நின்றாலும் நான் பஞ்சர் போட்டுவிடுவேன். பாதி நாள் ஓட்டப்பிடாரம் ரோடு பிரியும் விலக்கில்தான் நிற்பீர்கள். கம்பு கதிர் வாங்கியிருக்கிறதா, உளுந்து பூத்திருக்கிறதா என்று யாருடைய காட்டையோ பார்த்துக்கொண்டு.

"இந்த ஜில்லாவுலயே உங்க வண்டிக்குத்தான் பஞ்சர் அதிகம்" என்றேன் ஒருமுறை.

"டயர் பாவம். நம்ம பொய்யையெல்லாம் அதுதான் சொமக்குது."

அன்று காலை பதினொரு மணிக்கு அதே விலக்கில் புள்ளி நின்றது. முந்தின நாள்தான் நல்ல மழை. காட்டைப் பார்க்கிறீர்கள், பார்க்கட்டும் என்று நினைத்தேன். சிவந்தது. பஞ்சர் போட்டேன். மறுபடி சிவந்தது. மறுபடி போட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, "பஞ்சர்தானா?" என்றார். "ஆமா சார்" என்றேன். உங்களைக் கூப்பிடவில்லை. தொந்தரவு பண்ண வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதைக் கண்டு, களையெடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஏறிக் கதவைத் திறந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து கிடந்தீர்களாம். நெஞ்சுவலி. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்றாராம் டாக்டர்.

சாயங்காலத்துக்குள் வேறு டிரைவர் வந்து பெட்டியை எடுத்துப் போனார். கப்பலைப் பிடித்துவிட்டார்கள். வாங்குகிறவருக்கு மணிக்கு மணி தகவல் போனது. உங்கள் வீட்டு அக்காவுக்கு நான்கு மணிக்குத்தான் யாரோ சொன்னார்கள். தீக்குச்சிக்கு உள்ள எண் உங்களுக்கு இல்லை.

அந்தப் பெட்டியைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு, நடுக்கடல், பிறகு பேர் தெரியாத ஊர்களின் வழியே ஒரு ரயில். நீங்களே அதன் மேல் உட்கார்ந்து கால் தொங்கவிட்டுப் போவதாக இரண்டு மூன்று நாள் தோன்றியது. போய்ச் சேர்ந்ததும் புள்ளி பச்சையானது. தாமதக் காரணம்: பஞ்சர். அதை மாற்றச் சொல்லிக் கேட்டேன்.

"சரக்குதான் போய்ச் சேந்துட்டுல்லா, இனி அத எதுக்கு நோண்டுத?" என்றார் மேனேஜர்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நீ ஒரு போன் போட்டிருக்கலாம் பிள்ள" என்றார்கள். அவ்வளவுதான்.

இப்போது எந்தப் புள்ளி நின்றாலும் உடனே கூப்பிடுகிறேன். "ஒண்ணுக்கு இருக்கக்கூட விட மாட்டியா?" என்று டிரைவர்கள் கத்துகிறார்கள். உளவு பார்க்கிறேன் என்கிறார்கள். என் வம்சத்தையே இழுக்கிறார்கள். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முழுசாகத் திட்டி முடித்த பிறகுதான் பஞ்சர் போடுகிறேன்.