உலகம் அழிந்ததும் கெட்டிமேளம்

ஆனி 9, வியாழன்

காலையிலிருந்து காற்று. மலைப்பக்கம் மூட்டம். ராஜபாளையத்துக்குள் பேருக்கு நாலு தூறல். புரொஜெக்டர் லென்ஸ் துடைத்தாச்சு. ஸ்பீக்கர் வயரை எலி கடித்திருக்கிறது. எலிக்குக்கூட நான்தான் இளக்காரம்.

ஞாயிறு சாயங்காலம் ஒரு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபம், முகூர்த்தம் இல்லாத நாள். ஒரு காலேஜ் வாத்தியாரும் அவர் கூட்டாளிகளும் வெளிநாட்டுப் படம் பார்க்கிறார்களாம். கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் திரை கட்டுகிறவன், பத்தாவதோடு நின்றவன், எனக்கு உலக சினிமா.

ரேவதி இன்றைக்கும் எழவில்லை. கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்த மகள், தை மாசத்திலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். மன அழுத்தம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். வன்னியம்பட்டி அக்கா வந்து, "மாத்திர தின்னா புள்ள மந்தமாயிரும்" என்றாள். என் வீட்டுக்காரி பார்வதி மாத்திரையை நிறுத்திவிட்டாள். நான்? தலையாட்டினேன். அதில்தான் எனக்கு நல்ல தேர்ச்சி.

இன்றைக்கு மறுபடி அக்கா. "ஏலே, அடுத்த வெள்ளிக்கெழம கோடாங்கிக்குச் சொல்லியாச்சு. உடுக்கடிச்சுப் பாத்தா எந்தக் காத்து புடிச்சிருக்குன்னு சொல்லிருவாரு. பொறவு எம்மகனுக்கே கட்டிருவோம். எல்லாம் சரியாயிரும்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். தலை ஆடியது.

அக்கா போன பிறகு உள்ளேயிருந்து குரல். "அப்பா, ஞாயித்துக்கெழம நானும் வாரேன். அந்தப் படத்த போன்ல பாத்துட்டேன், பெருசா பாக்கணும்."

அவள் என்னிடம் ஒன்று கேட்டு எம்புட்டு நாளாச்சு.

ஆனி 11, சனி

வெயில். அந்தப் படத்தை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். ரத்தம் கொதிக்கிறது.

கதை: சூரியன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. உலகம் முடியப் போகிறது. ஊரெல்லாம் மெழுகுவத்திக்கு அடிதடி. கதாநாயகிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை, அவளுக்கு முன்னாலிருந்தே எல்லாம் மங்கல்தான். கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாள். டம்ளர் தண்ணீரைப் பார்க்கிறாள். பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சண்டை இல்லை, பாட்டு இல்லை. என் வீட்டில் இலவசமாக ஓடுகிற படத்தை எவனோ செலவழித்து எடுத்திருக்கிறான். கையில் கிடைத்தால் நாலு அறை.

பார்வதியிடம் கத்தினேன். "இந்தக் கருமத்தப் பாத்துத்தான் புள்ள இப்படி ஆயிட்டா!"

"ஏங்க, அவ படுத்த பொறவுதான இந்தப் படத்தப் பாத்தா?"

பொறுமை இல்லை. கடைசிவரை பார்க்காமல் மூடிவிட்டேன்.

ஆனி 12, ஞாயிறு

மானம் போச்சு.

தொழில் முறை ஒன்று உண்டு. கொடையில் போடுகிற படம் சாவில் முடியக் கூடாது. ஆகாது. கடைசியில் யாராவது செத்தால் அங்கேயே நிறுத்தி, அம்மன் படத்தைக் காட்டி, மங்கள வாத்தியம் போட்டுத்தான் கூட்டத்தை அனுப்புவோம். அதற்கென்றே ஒரு பென்டிரைவ், எப்போதும் சொருகியே இருக்கும்.

ரேவதி வந்தாள். தலை சீவியிருந்தாள்! முன்வரிசை நாற்காலி. படம் முழுக்க நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் பின்னந்தலையைத்தான் பார்த்தேன். கடைசியில் சூரியன் அணைந்தது. திரை இருட்டு. சத்தமும் இல்லை. போகிறது, போகிறது, இருட்டாகவே போகிறது. ஒருத்தர் இருமினார். கதை முடிந்தது, உலகமே செத்தாச்சு என்று நினைத்தேன். கை தானாகப் போய் பட்டனை அமுக்கிவிட்டது.

உலகம் அழிந்ததும் கெட்டிமேளம். திரையில் அம்மன், பூப்போட்ட பார்டரோடு.

மண்டபம் சிரித்தது. வாத்தியார் தலையில் கை வைத்தார். ரேவதி எழுந்து திரும்பினாள்.

"இன்னும் முடியலப்பா! எப்பப் பாத்தாலும் உங்களுக்கு எல்லாம் நல்லபடியா முடியணும். நான் வாயத் தொறந்தா ‘நல்லதே பேசு’ங்கீங்க. அத்த சொன்னா அதுக்கும் சரி, அம்மா சொன்னா அதுக்கும் சரி. ஒரே ஒரு தடவ கடைசிவரைக்கும் இருந்து பாத்திருக்கீங்களா?"

அவ்வளவு பேர் முன்னால். வெளியே போய்விட்டாள். வாத்தியார் மறுபடி போடச் சொன்னார். அதற்குள் பாதிப்பேர் செருப்பு தேடப் போயாச்சு. திரும்பி வரும்போது லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டாள். பெற்ற தகப்பனைச் சபையில் கேட்கிறாள். வளர்த்த லட்சணம்!

ஆனி 13, திங்கள்

மூட்டம். கோபம் இறங்கவில்லை. யார் மேல்:

வாத்தியார். படம் எடுத்தவன். அக்கா. எலி. நான். (இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.)

மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். "முடிவப் போடு தாயி. பாக்குறேன்."

போட்டாள். அதே இருட்டு. பென்டிரைவுக்குக் கை துறுதுறுத்தது, தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். செத்த நேரம் கழித்து இருட்டுக்குள் ஒரு பெண் குரல். பிறகு ஓர் ஆண் குரல்.

"என்ன சொல்லுதாக?"

"‘இருக்கியா’ன்னு இவ கேக்கா. ‘இருக்கேன்’ங்கான் அவன்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

இதற்கா ஊர் முன்னால் என்னைக் கிழித்தாள்? கேட்க வாய்வரை வந்தது. வேறு கேட்டேன். "ஏட்டி, செத்துரலாம்னு தோணுதா?"

சுவரைப் பார்த்தாள். "சில நாள் தோணும்ப்பா." பிறகு, "நேத்து தோணல. நேத்து உங்க மேல அம்புட்டுக் கோவம்."

"நல்லா கோவப்படு தாயி" என்றேன். மூக்கு ஒழுகியது. காற்றுக்குச் சளி பிடித்திருக்கும்.

ஆனி 14, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். நேற்று நான் கேட்டது, அவள் சொன்னது, எல்லாம் அவள் எதிரிலேயே சொன்னேன். அவளோடு தனியாக நிறையப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "மாத்திரைய யாரு நிறுத்துனது?"

"நாந்தான் சார்."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். தகும். வீட்டில் யாராவது பக்கத்திலேயே இருக்கணும், மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள், அடுத்த வாரம் மறுபடி வாங்க என்றார்.

வெளியே வந்தால் அக்கா போன். "ஏலே, கோடாங்கிக்கு எலுமிச்சம்பழம் வாங்கிட்டியா?"

"வாங்கல. கோடாங்கி வேண்டாம். கல்யாணமும் வேண்டாம்."

"பொட்டப்புள்ளய வச்சுக்கிட்டு இம்புட்டுத் திமிரா? இனி ஒன் வாசல மிதிக்க மாட்டேன்!"

"மிதிக்காத!"

ரேவதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மெதுவா. ரோடே பாக்குது."

"பாக்கட்டும்!"

என் தலை அக்காவுக்கு ஆடாதது இதுதான் முதல் தடவை. கழுத்து வலிக்கிறது.

ஆனி 15, புதன்

தூறல். புது வயர் மாட்டியாச்சு. மாத்திரை கொடுத்தாச்சு.

இன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறாள். எனக்குத் திரும்பவும் கோபம். நேற்று ரோட்டில் அம்புட்டுக் கத்தினேனே, கொஞ்சமாவது எழுந்து உட்காரக் கூடாதா? "ஒரே நாள்ல சரியாவ இதென்ன காய்ச்சலா? சும்மா இருங்க" என்கிறாள் பார்வதி.

சும்மா இருக்க முடியவில்லை. வாசற்படியில் நின்று கேட்டேன். "இருக்கியா?"

சத்தமே இல்லை. போகிறது, போகிறது. நல்ல வார்த்தை ஏதாவது சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கேன். கதவச் சாத்துங்கப்பா, கொசு வருது."