வலிக்குது என்று சொல்ல நாலு மாதம்

மார்ச் 4, செவ்வாய்
கருப்பைச் சவ்வு கண்ட இடத்தில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் குடல்வரை படர்ந்து, ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் பதினோரு சென்டிமீட்டர் குடலை வெட்டியெடுத்து நாலு மாதம். எப்போது கார் ஓட்டலாம், எப்போது பாரம் தூக்கலாம் எல்லாம் டாக்டர் தந்த தாளில் இருக்கிறது. கணவனோடு படுப்பது பற்றி ஒரு வரி இல்லை. அவருக்கு வெட்கமோ என்னவோ. நான் மட்டும் கேட்டேனா?

மார்ச் 8, சனி
மதியம் மழை. கேலம் ஆசையாக வந்தான். உள்ளே கண்ணாடி கீறுகிற மாதிரி வலி. நான் முனகியதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். நானும் விட்டுவிட்டேன் — நல்ல நடிகை! பிறகு வயிறு கடமுட. கழிவறைக்கு ஓட்டம். காதல் காட்சி இனிதே முடிந்தது.

மார்ச் 9
அழவில்லை. (பொய்.)

மார்ச் 22, சனி
இரண்டு வாரமாக அவனிடமிருந்து தப்பிக்கவே களை பிடுங்கினேன். தோட்டத்தில் இனி மண் மட்டும்தான் பாக்கி. இன்று காலைச் சாப்பாட்டில் கேட்டேவிட்டான்.
“மெரின், நேரா சொல்லு. என்னைப் பிடிக்கலையா?”
“வலிக்குதுடா! அன்னிக்கும் வலிச்சுது, அதுக்கு முன்னாடியும் வலிச்சுது!”
அவன் முகம் வெளுத்துவிட்டது. “நான் உன்னை நோகடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன். நீ சும்மா இருந்திருக்கே. என்னை என்னன்னு நெனச்சே?”
எழுந்து வெளியே போய்விட்டான்.  அவன் தட்டையும் நானே கழுவி வைத்தேன்.

மார்ச் 25
சமையலறையில் தோள்கூட உரசாமல் ஒதுங்கிப் போகிறான். வீட்டில் நான் ஒரு வெடிகுண்டு.

ஏப்ரல் 10, வியாழன்
இடுப்புத் தசைக்கென்றே லான்செஸ்டனில் ஒரு பிசியோதெரபிஸ்ட், டெனிஸ்.
“வலி கற்பனை இல்லை. தசை பயந்துபோய் இறுகிக் கிடக்கு. ஆபரேஷன்ல நரம்பும் நொந்திருக்கலாம். மூச்சை விடுங்க, தளர்த்துங்க. ஆமா, என்ன வேலை பாக்குறீங்க?”
“கார் ஓட்டச் சொல்லித் தர்றேன். நாள் முழுக்க ‘பதறாதே, தளர்வா இரு’ன்னு கத்துறதுதான்.”
சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளே வைத்துத் தசையைத் தளர்த்திப் பழக, சின்னதிலிருந்து பெரியதுவரை நாலு அளவில் வழவழப்பான குழல்கள் தந்தாள். பெரியதைப் பார்த்ததும் அவசரமாகப் பையில் திணித்தேன்.
கேலம் வெளியே காரில் காத்திருந்தான். பையைத் திறந்து பார்த்தான். “இவங்க எனக்குப் போட்டிக்கு வந்தவங்களா?” மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

மே 31
மூன்றாம் அளவுக் குழலும் பழகிவிட்டது. யாரிடம் பீற்றிக்கொள்வது?

ஜூன் 14, சனி
மதியம். பாதியில் வலித்தது. “நிறுத்து” என்றேன். நிறுத்தினான். அவ்வளவுதான் என்று நான் எழுந்தேன்.
“எங்க போறே? மீதி உடம்பு சும்மாத்தானே இருக்கு.”
நாலு மணிக்கு ஒருத்திக்கு கார் பாடம் இருந்தது. நாளைக்கு மாற்றிவிட்டேன்.