ஒரே வயலில் முப்பத்தாறு ஊர் ரை

செரெஷோவோ, அக்டோபர் 14

என் கண்ணு நெவெனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், கனடாவில் இப்போதே பனி விழுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, சொன்னால் கேட்கிற மனுஷனா, போன வாரம் முற்றத்தில் உட்கார்ந்து முப்பது கிலோ சிவப்பு மிளகாயைச் சுட்டுத் தோலுரித்தார், ஜாடியில் அடைத்தாயிற்று, சாப்பிடத்தான் ஆளில்லை. கூரையில் மூன்று ஓடு உடைந்து உன் அறையில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். விதைக் காப்பகத்தில் என்னோடு இருபது வருஷம் வயல் மேஸ்திரியாக இருந்த ராடோய் மாமா இறந்து நாற்பது நாளாகிவிட்டது. நம் வாசல் கதவிலும் அவர் படம் போட்ட மரண அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. நாற்பதாம் நாள் கல்லறையில் அவர் மனைவி வேகவைத்த கோதுமையும் சர்க்கரையும் என் கையில் வைத்தாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். நம் காப்பகத்திலிருந்து வரவழைத்த முப்பத்தாறு ஊர் ரை தானியத்தையும் சோதித்ததில் எல்லாம் ஏறக்குறைய ஒரே இரத்தமாக இருக்கிறது, அந்தக் காலத்து மலை ஊர்க்காரர்கள் பெண் கொடுக்கும்போது விதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் மலை முழுக்க ஒரே ரை, கட்டுரை எழுதி முடித்துவிட்டேன், மாதக் கடைசியில் அனுப்பப் போகிறேன் என்றாய். நான் சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "மக அவ்வளவு நல்ல சேதி சொல்றா, நீ என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த ஊர்கள் எதையும் கலக்கவில்லை, நெவெனா. நான்தான் கலந்தேன்.

1993 உனக்கு எங்கே ஞாபகமிருக்கப் போகிறது, ஆறு வயது. அதுவரை ரையை நாங்கள் வருஷத்துக்கு நாலு ஊர் வீதம், மலைக்கு இந்தப்பக்கம் ஒன்று, காட்டுக்கு அந்தப்பக்கம் ஒன்று என்று எட்ட எட்ட விதைத்துப் புது விதை எடுப்போம். கோதுமை தன் பாட்டுக்குத் தன்னைத்தானே சூல் கொள்ளும், ரைக்கு அது கிடையாது, காற்றில் வருகிற மகரந்தம் எந்த ஊருடையது என்று பார்க்காமல் வாங்கிக்கொள்ளும். உனக்குத் தெரியாததா. அந்த வருஷம் அரசாங்கம் முன்பு எடுத்துக்கொண்ட நிலத்தையெல்லாம் பழைய சொந்தக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், எங்களுக்கு மிஞ்சியது கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ஒரே வயல். மின்சாரம் போய்ப் போய் குளிர் அறை கெட்டு, நூறு விதை போட்டால் ஐம்பதுகூட முளைக்கவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் விதைக்காவிட்டால் செத்துவிடும் என்று பயந்து முப்பத்தாறையும் அந்த ஒரே வயலில் பாத்தி பாத்தியாக விதைக்கச் சொன்னேன். ராடோய் தொப்பியைக் கழற்றிவிட்டு, "டாக்டரம்மா, முப்பத்தாறு ஊரு ஆட்டையும் ஒரே பட்டியில அடைச்சுட்டு, அப்புறம் எந்தக் குட்டி எந்த ஊருதுன்னு என்கிட்ட கேக்கப்படாது, ஆமா" என்றார். மகரந்தம் புகாமல் ஒவ்வொரு பாத்தியையும் மூடக் கூடாரத் துணிக்கு எங்கே போவது, ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம். அடுத்த ஜூனில் கதிர் பூத்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு காற்று அடித்தது, வயல் முழுக்க மஞ்சள் புழுதி எழுந்தது, நீ "அம்மா, புகை, புகை!" என்று கை தட்டினாய். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது என்னவென்று எனக்குத் தெரியும்.

அது வரைக்கும்கூட மன்னிக்கலாம், வேறு வழியில்லாமல் செய்தது. ஆனால் பதிவேட்டில் 'கலந்தது' என்று எழுதியிருக்க வேண்டும். அப்போது வெளிநாட்டிலிருந்து உதவி தருகிறவர்கள் பார்வையிட வரவிருந்தார்கள், ரைப் பிரிவே கலந்துபோயிற்று என்றால் பிரிவையே மூடிவிடுவார்கள், பதினொரு பேருக்கு வேலை போகும், என் வேலையும்தான். முப்பத்தாறு வரியிலும் 'தனிமைப்படுத்தி விளைவித்தது' என்று என் கையால் எழுதினேன். 2001-இலும் 2009-இலும் மறுபடி அதே வயலில் விதைத்தேன், ஏற்கெனவே கலந்ததற்கு இனி என்ன வேலி என்று. மூன்று தலைமுறைக் கலப்பு. பொய் ஒன்று சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. 2013-இல் ஓய்வு பெறும்போது பயிர் வகைகளைக் காத்தவர் என்று பதக்கம் குத்தினார்களே, நீ விமானம் பிடித்து வந்து முன் வரிசையில் அழுதாயே, அன்றைக்கு ராடோய் என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போது அவரும் போய்விட்டார், இனி இது எனக்கு மட்டும்தான் தெரியும். சும்மா இருந்துவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன், நன்றாகவே நினைத்தேன். உன் கட்டுரை வரும், உனக்கு அந்த நிரந்தர வேலை கிடைக்கும், என் பதக்கமும் அலமாரியில் இருக்கும். பிறகு ஊரெல்லாம் ஒரே ரைதான் என்று உன் பெயரில் அச்சாகிவிடும், யாராவது அதை நம்பி, ஒரு ஊர் விதை போதுமென்று மற்ற ஊர் விதைகளைத் தூக்கிப் போடுவார்கள். அந்த முப்பத்தாறு ஊரில் பாதியில் இன்று அடுப்பு மூட்ட ஆளில்லை. திரும்பப் போய் ஒரு பிடி கேட்க முடியாது.

அதனால் நேற்று காப்பகத்துக்குப் போய் இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். நல்ல பிள்ளை, நான் பயிற்சி கொடுத்தவன்தான். வெளுத்துப் போய், "ஏம்மா, யாருக்கும் தெரியாததை இப்ப போயி ஏன் கிளறுறீங்க? நெவெனா பேரும்ல சேர்ந்து கெடும்?" என்றான். அவள் பேர் கெடக் கூடாது என்றுதான் கிளறுகிறேன் என்றேன். உனக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், அம்மாவைக் காட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனை உனக்கு வரவே கூடாது. அப்பாவிடமும் சொன்னேன். "பிள்ளைக்கு எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கட்டுரையை அனுப்பாதே. காப்பகத்தின் கீழ் அலமாரியில் 1989-இல் அந்தந்த ஊரில் நான் பறித்து அட்டையில் ஒட்டிய பழைய கதிர்கள் இருக்கின்றன. முப்பத்தாறையும் முறைப்படி அனுமதி வாங்கி உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முளைக்காது, செத்து வருஷம் பல ஆயிற்று. ஆனால் நீ சோதித்தால் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறாக இருந்தன என்று தெரியும். அதை எழுது. யார் கலந்தது என்பதையும் என் முழுப் பெயர் போட்டு எழுது. கோபம் வந்தால் திட்டி எழுது, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. வேளா வேளைக்குச் சாப்பிடு, வெறும் காபியிலேயே பொழுதை ஓட்டாதே. கடவுள் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் தழைக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன், கட்டுரையோடு சாட்சியாகச் சேர்த்து அனுப்பு.

உன் அம்மா,
ஸ்த்ராவ்கா கரஜோவா,
ரைப் பிரிவுப் பொறுப்பாளர், 1988 முதல் 2013 வரை.