ஊறாத கரி

அன்புள்ள மாமா,

பக்கத்து அறையில் இருந்துகொண்டே உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

கொல்லையில் நீங்கள் வளர்த்த தக்காளிச் செடிகள் மஞ்சளானது உங்களால் இல்லை. நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, காய்ந்த குச்சிகளைத் தகர டின்னில் மூடிச் சுட்டுக் கரியாக்கினேன். மண் வளமாகும் என்று அதை நுணுக்கிப் பாத்தியில் ஆழமாகக் கலந்தேன். முதலில் எருக்கரைசலில் ஊறவைக்க வேண்டும் என்று படித்தும் இருந்தேன். நீங்கள் திரும்புவதற்குள் உங்களை அசத்திவிடும் அவசரத்தில் அப்படியே போட்டுவிட்டேன். வெறுங்கரி, செடிக்குச் சேர வேண்டிய சத்தையெல்லாம் தானே பிடித்துவைத்துக்கொண்டது.

"என் கைராசி போயிடுச்சும்மா" என்றீர்கள்.

"வயசாச்சுல்ல மாமா, ஓய்வெடுங்க" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்றிலிருந்து நீங்கள் பின்கதவைத் திறக்கவே இல்லை. "அப்பா ஏன் டிவியே கதின்னு கிடக்கறார்?" என்று உங்கள் மகன் கேட்டார். "எனக்கென்ன தெரியும்" என்றேன்.

உங்களுக்குத் தெரியாமல் எருக்கரைசல் ஊற்றி வருகிறேன். இரண்டு செடிகளின் நுனியில் பச்சை தெரிகிறது. மற்றவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாருங்கள் மாமா. திட்டுவதானால் பாத்தியில் நின்று திட்டுங்கள்.

உங்கள் மருமகள்