மேடைக்கு முதுகு

அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். முப்பது வருடமாக நீங்கள் கொண்டாடும் ராக் குழு நேற்று இங்கே கச்சேரி செய்தது. எனக்கு அங்கே காவல் வேலை. மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

முன்வரிசைப் பணக்காரர்கள் வாயே திறக்காமல் செல்போனில் படம் பிடித்தார்கள். வரிக்கு வரி பாடியதெல்லாம் வேலிக்கு வெளியே நின்றவர்கள்தான். அவர்களை விரட்டச் சொன்னார்கள். நான் நகரவில்லை.

"யாரைம்மா அப்படித் தேடுற?" என்றார் மேற்பார்வையாளர்.

"எங்கப்பாவை. இவங்க பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதுக்கு அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவரு. இதுக்காவது வராமலா இருப்பாரு?"

கடைசிப் பாட்டுக்கு ஒருவர் கண்ணை மூடி, வேலிக் கம்பியில் தாளம் தட்டினார். உங்களைப் போலவே வழுக்கை. கிட்டே போவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

அது நீங்களா, அப்பா? அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். அம்மாவுக்கும் அது தெரிய வேண்டுமாம்.

உங்கள் மகள்