கிட்டப் போகலாம், முட்டாது

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். உங்களைப் பெயர் சொல்லி எழுத வரவில்லை. "என்னங்க" என்று காகிதத்தில் எழுதினால் கடைக்காரரைக் கூப்பிடுவது போல இருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறியவரை எப்படி அழைப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

முதலில் நல்ல செய்தி. அப்பா வீட்டிலிருந்து என் ஆடுகள் வந்துவிட்டன. ஒரு தாய், இரண்டு குட்டிகள். புதுப்பெண்ணைப் பார்க்கக்கூட இவ்வளவு கூட்டம் வரவில்லையே என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். தாயின் பெயர் மேனேஜர். யார் வந்து நின்றாலும் அசைபோட்டுக்கொண்டு வேறெங்கோ பார்ப்பாள். குட்டிகள் பொட்டு, துள்ளி. கொல்லையில் உங்கள் பழைய சைக்கிள் கிடந்த கொட்டகையைக் காலி செய்து கட்டியிருக்கிறேன். சைக்கிள் பத்திரம். சீட்டை மட்டும் மேனேஜர் ருசி பார்த்துவிட்டாள்.

உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிய முதல் நாள் ஒரே சொதப்பல். ஆசையில் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய் நேர் எதிரே நிறுத்தினேன். சின்னவன் கத்திக்கொண்டு கட்டிப்பிடிக்க ஓடினான். மேனேஜர் ஒரே தாவலில் துவைக்கிற கல்லின் மேல். பெரியவள் கதவுக்குப் பின்னால். அங்கிருந்தே, "அது என்னையே பாக்குது, திரும்பிக்கச் சொல்லுங்க" என்றாள்.

என்னிடம் அவள் பேசுவதெல்லாம் இப்படித்தான். கூப்பிடு சொல் இல்லாமல். பசித்தால், "சாப்பாடு ஆயிடுச்சான்னு தெரியல" என்று காற்றிடம் சொல்வாள். காற்று என்னிடம் சொல்லும். சின்னவனுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஒரு பிஸ்கட் கொடுத்தால் என்னை அம்மா என்பான். இன்னொன்று கொடுத்தால் மேனேஜரையும் சொல்வான்.

போன வாரம் போனில் அவளிடம் சொன்னீர்கள்: "நான் வருவதற்குள் அவங்களை அம்மா என்று கூப்பிடப் பழகு, இல்லாவிட்டால் அப்பா உன்னோடு பேச மாட்டேன்." ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இறந்துபோன அவள் அம்மாவின் படம் இருக்கிறதே, அதற்குக் கீழே உள்ள மேசை.

அந்தச் சொதப்பலுக்கு மறுநாள் ஆடுகளிடம் முறையாகப் போனோம். தரையில் உட்கார வேண்டும், பக்கவாட்டில். கண்ணைப் பார்க்கக் கூடாது. கையை விரித்துத் தாடைக்குக் கீழே நீட்ட வேண்டும். தலைக்கு மேலிருந்து வரும் கை, ஆட்டுக்குப் பிடிக்க வரும் கை. பிறகு சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். நெற்றியில் கைவைத்துத் தள்ளக் கூடாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். சின்னவன் தள்ளினான். துள்ளி அதை விளையாட்டுக்கு அழைப்பாக எடுத்துக்கொண்டது. அடுத்து நான் பார்த்தபோது இவன் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். "நான்தானே ஜெயிச்சேன்?" என்று கேட்டான்.

பெரியவள் படியில், கதைப் புத்தகத்தோடு, ஆடுகளுக்கு முதுகு காட்டி. எனக்கும்தான். பொட்டு மெல்லப் பின்னால் வந்து ரிப்பனை மென்றது. அவள் அசையவில்லை. பாதி போன பிறகு, "போதும்டி, மிச்சம் எனக்கு" என்றாள்.

பொட்டுவைக் கூப்பிட அவளுக்குச் சொல் வந்துவிட்டது.

தினமும் காலையில் சீப்போடு அவளைத் துரத்திக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தினேன். சீப்பை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்து, துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும். தலையை அவளே ஏதோ செய்துகொண்டு ஓடுவாள். ஒரு காலையில் வந்து என் முன்னால் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். சீப்பை எடுத்தேன். அன்று பின்னல் கோணல்.

நேற்று தையல்காரரின் பிள்ளைகளை ஆடு காட்ட அழைத்து வந்தாள். உட்காரு, கத்தாதே, மேலேருந்து கை வைக்காதே என்று ஒரே அதிகாரம். நான் கொட்டகையில் தழை கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக அறிமுகம் செய்தாள். "இது மேனேஜர், யாரையும் கண்டுக்காது. இது பொட்டு, ரிப்பனை மறைச்சுக்கோ. இது துள்ளி, நெத்தியில கை வைக்காதே." அடுத்தது நான். கொஞ்சம் நிறுத்தினாள். நான் தழையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவங்க எங்க வீட்டு ஆளு. கிட்டப் போகலாம், முட்ட மாட்டாங்க."

மேனேஜரின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்க. சிரிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். இனி போனில் அவளிடம் அந்தச் சொல்லைக் கேட்காதீர்கள். அதில் படத்தில் இருப்பவர் குடியிருக்கிறார். இருக்கட்டும். எனக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது, அவளாகவே கொடுத்தது. பேச மாட்டேன் என்றதையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போன் மணி அடித்தாலே அவள் கொட்டகைக்குப் போய்விடுகிறாள்.

வந்ததும் ஓடிவந்து தூக்காதீர்கள். கொல்லைப் படியில் உட்காருங்கள். வேறெங்காவது பாருங்கள். வருவாள். உங்களைக் கூப்பிட ஒரு சொல்லோடு நானும் வருவேன்.

ரிப்பன் வாங்கி வாருங்கள், பொட்டுக்கும் சேர்த்து. கடல் உங்களை முட்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு ஆள்